ரிச்சர்ட் கிரீனர்: தென் கரோலினா வகுப்பறையிலிருந்து விளாதிவஸ்தோக் வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த ரிச்சர்ட் கிரீனர்?

ஹார்வர்டு கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பின மாணவர். முழுப் பெயர் ரிச்சர்ட் தியோடர் கிரீனர். 1844 ஜனவரி 30-ல் பிலடெல்பியாவில் பிறந்தார். அடிமை முறை ஒழிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தபோது தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகித் தத்துவமும் லத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார். பிறகு வழக்கறிஞர், சட்டக் கல்லூரி முதல்வர், கடைசியில் ருஷ்யாவின் கிழக்குக் கோடியில் அமெரிக்க அரசின் பிரதிநிதி. 1922 மே 2-ல் சிகாகோவில் காலமானார். பிறகு பல பத்தாண்டுகள் அவரை யாரும் நினைக்கவில்லை. இப்போது அவர் பெயர் அடிபடுவதற்குப் பாதிக் காரணம் அவருடைய மகள். அந்தக் கதையும் கீழே வருகிறது. ஆனால் அப்பாவை அப்பாவுக்காகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

சிறுவயதில் வசதியான குடும்பமா?

இல்லை. அப்பா கப்பலில் வேலை பார்த்தவர். குடும்பம் பாஸ்டன் பக்கம் குடியேறியது. கலிபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டுப் போன அப்பா திரும்பி வரவேயில்லை. பையன் பள்ளியை விட்டுவிட்டு, அம்மாவைக் காப்பாற்றக் கிடைத்த வேலையெல்லாம் செய்தான். கைக்குக் கிடைத்த புத்தகத்தை விடாமல் படிக்கும் பையன். முதலாளிகளில் சிலர் அதைக் கவனித்தார்கள், படிக்க உதவினார்கள். முதலில் ஓபர்லின், அப்புறம் ஆண்டோவரில் இருந்த பிலிப்ஸ் அகாடமி. 1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்த ஆண்டில் ஹார்வர்டுக்குள் நுழைந்தபோது அவருக்கு வயது 21.

ஹார்வர்டில் எப்படி நடத்தினார்கள்?

அவரைச் சேர்த்ததே ஒரு சோதனை முயற்சி என்று கல்லூரி வெளிப்படையாகவே கருதியது. ஒரு மனிதனின் படிப்பை ஊரே கூடி நின்று பார்ப்பது எத்தனை பாரம் என்று யோசித்துப் பாருங்கள். முதல் ஆண்டில் கணக்கில் சறுக்கினார். மொழிப் பாடங்கள் அவருக்கு இயல்பாக வந்தன, கணக்குக்கு வேண்டிய அடித்தளம் சிறுவயதில் போடப்படவில்லை. முதலாம் ஆண்டை மறுபடியும் படிக்கச் சொன்னார்கள், படித்தார். அவரைச் சுற்றி வதந்திகளும் உலவின: தோட்டத்திலிருந்து தப்பி வந்த அடிமை என்றெல்லாம் பேசிக்கொண்டார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் அழகு. பேச்சுக்கலைக்கான பாய்ல்ஸ்டன் பரிசை வாங்கினார். இறுதியாண்டில் கட்டுரைக்கான பௌடின் பரிசையும் வாங்கினார். தலைப்பு, அயர்லாந்தின் நிலக் குத்தகை முறை. கறுப்பின மாணவன் என்றால் அடிமை முறையைப் பற்றி மட்டும்தான் எழுதுவான் என்று எதிர்பார்த்தவர்கள் நடுவில், அவர் எடுத்துக்கொண்டது கடல் கடந்த ஒரு நாட்டின் குடியானவன் பிரச்சினை. ஆங்கிலேய நிலவுடைமையாளர்களின் கீழ் வாரமும் வாடகையும் கொடுத்து நொடித்துப்போன ஐரிஷ் விவசாயிகளைப் பற்றி அவர் எழுதியதை நான் தற்செயலாகப் பார்க்கவில்லை. நிலம் யாருடையது, உழைப்பு யாருடையது என்ற அதே கேள்வியைத்தான் பிற்பாடு தெற்கத்திய கறுப்பின மக்களுக்காகவும் அவர் எழுப்பினார். 1870-ல் பட்டம் பெற்றார்.

லத்தீனும் கிரேக்கமும் தெரிவதில் அப்படி என்ன பெருமை?

அன்றைய அமெரிக்காவில் அதுதான் 'படித்தவன்' என்பதற்கான அளவுகோல். நல்ல கல்லூரிகளின் நுழைவுத் தேர்வே லத்தீனும் கிரேக்கமும் கணக்கும்தான். அடிமை முறையை ஆதரித்தவர்கள் இதை ஒரு மதில் போலப் பயன்படுத்தினார்கள். தென் கரோலினாவின் செல்வாக்கு மிக்க அரசியல்வாதி ஜான் கல்கூன், கிரேக்க இலக்கணம் தெரிந்த ஒரு கறுப்பனைக் காட்டினால் அவர்களும் மனிதர்கள்தான் என்று ஒப்புக்கொள்கிறேன் என்ற பொருளில் பேசியதாக ஒரு செய்தி உண்டு. அதைப் பதிவு செய்தவர் அலெக்சாண்டர் கிரம்மல் என்ற கறுப்பின மதகுரு. இதே தென் கரோலினாவில்தான் 1834-ல் அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். படிக்கவும் விடமாட்டேன், படித்துக் காட்டு என்றும் சவால் விடுவேன்.

1873-ல் அதே மாநிலத்தின் தலைநகரில், அந்தப் பெரிய மனிதர்களின் பிள்ளைகளுக்காகக் கட்டிய கல்லூரியில், கிரீனர் கிரேக்கம் நடத்தினார். 1875-ல் அமெரிக்க மொழியியல் சங்கத்தில் உறுப்பினரானார். செவ்வியல் மொழி அறிஞர்களின் அந்தச் சங்கத்தில் சேர்ந்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான். கிரேக்கப் பாடநூல் எழுதிப் புகழ்பெற்ற வில்லியம் ஸ்கார்பரோ அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் சேர்ந்தார்.

பட்டம் வாங்கியதும் நேராகப் பேராசிரியர் ஆகிவிட்டாரா?

இல்லை, இடையில் மூன்று ஆண்டுகள். முதலில் பிலடெல்பியாவில் கறுப்பின இளைஞர்களுக்கான கல்வி நிலையத்தில் ஆசிரியர். அங்கே உடன் பணியாற்றிய ஆக்டேவியஸ் காட்டோ என்ற இளம் ஆசிரியர் 1871 அக்டோபர் 10-ல், தேர்தல் நாளன்று, நடுத்தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். கறுப்பினத்தவர் ஓட்டுப் போடுவதைப் பொறுக்காத கும்பல் அன்று ஊரில் வெறியாட்டம் ஆடியது. இத்தனைக்கும் பிலடெல்பியா வடக்கே இருக்கும் நகரம்.

அப்புறம் வாஷிங்டனில் பள்ளித் தலைமை, கொஞ்சம் பத்திரிகை வேலை. அடிமையாகப் பிறந்து தப்பி வந்து கறுப்பினத்தவரின் பெருந்தலைவரான ஃபிரடெரிக் டக்ளஸ் நடத்திய நியூ நேஷனல் ஈரா இதழிலும் பணியாற்றினார்.

தென் கரோலினா போன்ற ஊரில் கறுப்பினப் பேராசிரியர் எப்படிச் சாத்தியமானது?

போர் முடிந்த பிறகு வந்த மறுசீரமைப்புக் காலம் அது. கறுப்பின ஆண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. தென் கரோலினாவில் மக்கள்தொகையில் பெரும்பான்மை அவர்கள்தான் என்பதால், சட்டமன்றத்திலும் அவர்கள் கை ஓங்கியது. அன்று ஆபிரகாம் லிங்கனின் குடியரசுக் கட்சிதான் கறுப்பினத்தவரின் கட்சி, ஜனநாயகக் கட்சி பழைய பண்ணையார்களின் கட்சி. இன்றைய நிலையை மனதில் வைத்துப் படித்தால் குழம்பிவிடும்.

1873 அக்டோபரில் மாநிலச் செயலாளராக இருந்த ஹென்றி ஹெய்ன் என்ற கறுப்பினத் தலைவர் மருத்துவப் பிரிவில் மாணவராகச் சேர்ந்தார். உடனே வெள்ளைக்காரப் பேராசிரியர்கள் சிலர் ராஜினாமா செய்துவிட்டுப் போனார்கள், மாணவர்களும் கிளம்பினார்கள். பல்கலைக்கழகம் மூடவில்லை. புதிய ஆசிரியர்களைத் தேடியது. அப்படி வந்தவர்தான் 29 வயது கிரீனர்: மனவியல் மற்றும் அறவியல் தத்துவப் பேராசிரியர், அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் கறுப்பினப் பேராசிரியர்.

அங்கே என்ன செய்தார்?

என்ன செய்யவில்லை என்று கேட்பது சுலபம். தத்துவம் அவர் பாடம். ஆள் போதாததால் லத்தீன், கிரேக்கம், அரசமைப்பு வரலாறு எல்லாம் அவர் தலையில் விழுந்தன. மாணவர்களில் பலர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். கல்லூரிப் பாடத்துக்குள் நேரடியாக நுழைய அவர்களால் முடியாது, எனவே ஆயத்த வகுப்புகளும் நடந்தன. பகலில் பாடம் நடத்திக்கொண்டே சட்டப் பிரிவில் மாணவராகவும் சேர்ந்து 1876-ல் சட்டப் பட்டம் வாங்கினார்.

எனக்கு நெருக்கமான பகுதி நூலகம். 1875 மே முதல் அக்டோபர் வரை அவர் நூலகராகவும் இருந்தார். வெள்ளைத் தூண்களோடு 1840-ல் எழுந்த அந்த நூலகக் கட்டடம் இன்றும் இருக்கிறது. போருக்குப் பிறகு உள்ளே புத்தகங்கள் ஒழுங்கில்லாமல் கிடந்தன. ஏறக்குறைய 27,000 தொகுதிகள். கரோலினாவின் மே, ஜூன் மாத வெக்கையில் அலமாரி அலமாரியாக எடுத்து, அடுக்கி, பட்டியல் போட்டார். அரிய நூல்களைப் பற்றித் தனியாக எழுதியும் வைத்தார். அவருடைய மகள்களில் ஒருத்தி பின்னாளில் உலகின் மிகப் பெரிய கையெழுத்துப் பிரதி நிபுணர்களில் ஒருவரானதைப் பார்க்கும்போது, புத்தகப் பித்து அந்த வீட்டில் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.

பிறகு ஏன் அங்கிருந்து போனார்?

போகவில்லை, விரட்டப்பட்டார். 1876 தேர்தலில் ஜனநாயகக் கட்சியை ஆதரித்த வெள்ளையரின் 'சிவப்புச் சட்டை' ஆட்கள் துப்பாக்கியோடு ஊர்வலம் போனார்கள். அந்த ஆண்டு ஜூலையில் ஹாம்பர்க் என்ற ஊரில் கறுப்பினக் காவல்படையினர் சிலரைப் பிடித்துவைத்துச் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் சூழலிலும் கிரீனர் குடியரசுக் கட்சிக்காக மேடை ஏறினார். 1877 ஏப்ரலில் புதிய குடியரசுத் தலைவர் ஹேஸ் கூட்டாட்சிப் படையை விலக்கிக்கொண்டதும், வேட் ஹாம்ப்டன் தலைமையில் பழைய ஆட்கள் ஆட்சிக்கு வந்தார்கள். வந்த வேகத்தில் பல்கலைக்கழகத்தை மூடினார்கள். 1880-ல் திறந்தபோது வெள்ளையருக்கு மட்டும் என்று திறந்தார்கள். அடுத்த கறுப்பின மாணவர்கள் அந்த வாசலில் கால் வைத்தது 1963-ல்தான்.

கிரீனர் பேராசிரியராக இருந்தது நான்கு ஆண்டுகள்கூட முழுதாக இல்லை. இந்த வரலாற்றில் எனக்கு ஆறாத இடம் இதுதான்.

ஃபிரடெரிக் டக்ளஸோடு அவருக்குச் சண்டை என்கிறார்களே?

கருத்து மோதல். 1879-ல் ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் தெற்கை விட்டுக் கான்சஸ் பக்கம் கிளம்பினார்கள். டக்ளஸ் அதை எதிர்த்தார்: இருந்த இடத்தில் நின்று உரிமை கேளுங்கள், ஓடினால் உரிமை போய்விடும் என்றார். கிரீனர் மறுத்தார். தென் கரோலினாவில் கண்ணால் பார்த்தவர் அவர். வாழ விடாத ஊரில் நின்று சாவதைவிட வேறு மண்ணைத் தேடிப் போவது அவர்கள் உரிமை என்றார். அந்த ஆண்டு செப்டம்பரில் சரடோகா ஸ்பிரிங்ஸில் நடந்த சமூக அறிவியல் சங்கக் கூட்டத்தில் இரண்டு தரப்புக் கட்டுரைகளும் வாசிக்கப்பட்டன. டக்ளஸ் நேரில் வரவில்லை, அவர் கட்டுரையை வேறொருவர் படித்தார். இந்த விஷயத்தில் நான் கிரீனர் பக்கம்.

வெஸ்ட் பாயின்ட் வழக்கு என்பது என்ன?

தென் கரோலினாவில் கிரீனரிடம் படித்த ஜான்சன் விட்டக்கர் என்ற மாணவர், அடிமையாகப் பிறந்தவர், 1876-ல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் சேர்ந்தார். கிரீனரின் சிபாரிசு அதற்குப் பின்னால் இருந்தது. அங்கே அவரோடு யாரும் பேசமாட்டார்கள். 1880 ஏப்ரல் 6 காலையில் அவரை அறையில் கண்டபோது, கட்டிலோடு கைகால் கட்டப்பட்டு, காது கீறப்பட்டு, ரத்தத்தோடு மயங்கிக் கிடந்தார். கல்லூரி என்ன சொன்னது தெரியுமா? தேர்வுக்குப் பயந்து தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கொண்டார் என்றது.

கிரீனர் அப்போது ஹோவர்டு பல்கலைக்கழகச் சட்டப் பிரிவின் முதல்வர். தன் மாணவனுக்காக விசாரணையில் போய் நின்றார். 1881-ல் ராணுவ நீதிமன்றத்தில், தென் கரோலினாவின் முன்னாள் ஆளுநர் டேனியல் சேம்பர்லைனோடு சேர்ந்து வாதாடினார். விட்டக்கருக்கு முன்கூட்டி வந்த மிரட்டல் கடிதத்தை அவரே எழுதிக்கொண்டார் என்று கையெழுத்து நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். குற்றவாளி என்று தீர்ப்பு. 1882-ல் குடியரசுத் தலைவர் ஆர்தர் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார். ஆனால் ஒரு தேர்வில் தோற்றதைக் காட்டிக் கல்லூரி அவரை வெளியே அனுப்பிவிட்டது. 1995-ல் பில் கிளிண்டன் காலத்தில்தான் விட்டக்கருக்கு ராணுவ அதிகாரிப் பதவி வழங்கப்பட்டது. அவர் இறந்து 60 ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது.

நியூயார்க்கில் என்ன செய்தார்?

1885-ல் முன்னாள் குடியரசுத் தலைவர் யுலிசீஸ் கிராண்ட் இறந்ததும் நினைவிடம் கட்ட ஒரு சங்கம் அமைத்தார்கள். அதன் செயலாளர் கிரீனர். சுமார் 90,000 பேரிடம் திரண்ட 6,00,000 டாலரில் எழுந்த அந்த நினைவிடம் 1897-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1892-ல், அவர் செயலாளர் பொறுப்பிலிருந்து போய்விட்டார். நகராட்சிப் பணியாளர் தேர்வு வாரியத்திலும் சில ஆண்டுகள் தலைமைத் தேர்வாளராக இருந்தார்.

இந்தியாவுக்கு வர இருந்தாராமே, உண்மையா?

உண்மைதான். 1896 தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கின்லிக்காகச் சிகாகோவில் கட்சியின் கறுப்பினப் பிரிவை நடத்தினார். அதற்குக் கைமாறாக 1898 ஜனவரியில் பம்பாய்க்கு அமெரிக்க கான்சலாக, அதாவது அங்கே அமெரிக்க வணிகத்தையும் குடிமக்களையும் கவனிக்கும் அதிகாரியாக, நியமித்தார்கள். ஆனால் பம்பாயில் 1896 முதல் பிளேக். ஜனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டிருந்த நேரம். பக்கத்துப் புனேயில் பிளேக் கெடுபிடிக்குப் பழிவாங்க, சாபேகர் சகோதரர்கள் ராண்ட் என்ற ஆங்கிலேய அதிகாரியைச் சுட்டது அதற்கு முந்தைய ஆண்டில்தான். கிரீனர் அங்கே போகவில்லை. பதிலாகக் கிடைத்தது விளாதிவஸ்தோக்.

விளாதிவஸ்தோக்கில் அவருக்கு என்ன வேலை?

பசிபிக் கரையில் ருஷ்யாவின் கடற்படைத் துறைமுகம் அது. அயல்நாட்டு கான்சல்களை அங்கே ருஷ்யா ஏற்கவில்லை, அதனால் அவர் பதவியின் பெயர் 'வணிக முகவர்'. பெயர்தான் வேறு, வேலை கான்சல் வேலைதான். சைபீரிய ரயில்பாதை முடிவை நெருங்கிக்கொண்டிருந்த காலம். அமெரிக்கச் சரக்குக்கு அங்கே என்ன சந்தை இருக்கிறது என்று அரசுக்கு அறிக்கை அனுப்புவது அன்றாட வேலை. அந்நாளில் கறுப்பினத்தவருக்குக் கொடுக்கும் தூதுப் பதவிகள் பெரும்பாலும் ஹைட்டி, லைபீரியா என்று கறுப்பினத்தவர் நாடுகளாகவே இருக்கும். வெள்ளையர் ஆளும் ஒரு பேரரசுக்கு ஒருவரை அனுப்பியது புதுமை.

1900-ல் சீனாவில் அயல்நாட்டினருக்கு எதிரான பாக்ஸர் கிளர்ச்சி வெடித்தது. அதைத் தொடர்ந்து ஷான்சி மாகாணத்தில் பஞ்சம். அந்த நிவாரணத்தில் செய்த உதவிக்காக 1902-ல் சீன அரசு அவருக்கு 'இரட்டை டிராகன்' விருது கொடுத்தது. 1904-ல் ருஷ்ய–ஜப்பானியப் போர் வந்தது. ஜப்பானியப் போர்க்கப்பல்கள் மார்ச் மாதம் விளாதிவஸ்தோக் மீதே குண்டு வீசின. ருஷ்யாவில் மாட்டிக்கொண்ட ஜப்பானியரின் நலனை அமெரிக்கா கவனிப்பதாக ஏற்பாடு. அந்தப் பகுதியில் அந்தப் பொறுப்பு கிரீனர் தோளில். சகாலின் தீவிலிருந்து ஜப்பானியரை வெளியேற்றும் வேலையைக்கூட அவர் மேற்பார்வை பார்த்தார்.

குடும்பம் கூடப் போகவில்லையா?

இல்லை. மனைவி ஜெனிவீவ் பிளீட்டை 1874-ல் மணந்திருந்தார். ருஷ்யா கிளம்பும் முன்பே இருவருக்கும் இடையே விரிசல். விளாதிவஸ்தோக்கில் மிஷி கவாஷிமா என்ற ஜப்பானியப் பெண்ணோடு வாழ்ந்தார், மூன்று குழந்தைகள் பிறந்தன.

ஏன் பதவி பறிபோனது?

நடத்தை சரியில்லை என்று புகார். 1905-ல் தியோடர் ரூஸ்வெல்ட் அரசு அவரை விலக்கியது. வேறொருவரோடு தன்னைக் குழப்பிவிட்டார்கள் என்றார், முறையான விசாரணை கேட்டார். பதவி திரும்பவே இல்லை. போர்க்காலத்தில் இரண்டு பேரரசுகளுக்கு நடுவே நின்று வேலை பார்த்தவரை அனுப்பிய விதம் அது.

அவர் மகள்தானே பெல் டா கோஸ்டா கிரீன்?

ஆம். 1879-ல் பிறந்த பெல் மரியன் கிரீனர். தாயும் பிள்ளைகளும் பெயரின் கடைசி எழுத்தை விட்டுவிட்டு, நிறம் வெளுப்பாக இருந்ததால் வெள்ளையராகவே வாழத் தொடங்கினார்கள். பெல் தன் நிறத்துக்குப் போர்த்துகீசிய வேர் என்று காரணம் சொன்னார். வங்கி அதிபர் ஜே. பி. மார்கனின் நூலகராகி, 1924-ல் மார்கன் நூலகத்தின் முதல் இயக்குநரும் ஆனார். 1950-ல் இறப்பதற்கு முன் தன் சொந்தக் கடிதங்களை எரித்துவிட்டார்.

கறுப்பினத்தவர் உரிமைக்காகப் பேசியே பேர் வாங்கிய அப்பா கூட இருந்தால் அந்த வாழ்க்கை நடக்காது. அதற்காக மகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த நூலகத்தின் வாசலைக்கூட அவர் தாண்டியிருக்க முடியாது.

திரும்பி வந்தபின் அரசியலில் எந்தப் பக்கம் நின்றார்?

இது சங்கடமான கேள்விதான். 1906 ஆகஸ்டில் ஹார்ப்பர்ஸ் ஃபெரி என்ற ஊரில், கறுப்பினத்தவருக்கு முழு உரிமை கேட்ட அறிஞர் டூ பாய்ஸின் நயாகரா இயக்கம் கூடியது. கிரீனர் அங்கே போனார். டூ பாய்ஸின் எதிர்முகாம், வெள்ளையரோடு அனுசரித்துப் போகச் சொன்ன கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன். உள்ளே நடப்பதைத் தெரிந்து சொல்லும்படி கிரீனரிடம் கேட்டுக்கொண்டவர் அவர்தான். இழந்த பதவியை மீட்க வாஷிங்டனின் செல்வாக்கு அவருக்குத் தேவைப்பட்டது. இளமையில் டக்ளஸையே எதிர்த்து நின்றவர் இப்படி ஒரு கையில் சிக்கியது எனக்கு வருத்தம். அவரைப் போற்றி எழுதுகிறவர்கள் இதை மறைக்கக் கூடாது.

கடைசிக் காலம்?

சிகாகோவில் உறவினர் வீட்டில். காப்பீட்டுத் தொழில் பார்த்தார், அவ்வப்போது உரையாற்றினார்.

அவருடைய காகிதங்கள் பரணில் கிடைத்தனவாமே?

2009-ல் சிகாகோவின் தெற்குப் பக்கம், இடிக்கவிருந்த ஒரு பாழடைந்த வீட்டைக் காலி செய்தார்கள். பரணில் ஒரு பழைய டிரங்குப் பெட்டி. வேலை செய்தவர் குப்பையோடு போடாமல் திறந்து பார்த்தார். உள்ளே 1870-ன் ஹார்வர்டு பட்டச் சான்றிதழ், ஈரம் பட்டுக் கறையேறியிருந்தாலும் படிக்கும்படி. கூடவே வழக்கறிஞர் உரிமம், ருஷ்யாவில் இருந்த காலத்துக் காகிதங்கள். 1906-ல் சான் பிரான்சிஸ்கோ பூகம்பத்தில் எல்லாம் அழிந்தன என்று நம்பப்பட்டவை. சட்டப் பட்டச் சான்றிதழைத் தென் கரோலினா பல்கலைக்கழகமே பின்னர் வாங்கியது. 2018 பிப்ரவரியில் அதே வளாகத்தில், தாமஸ் கூப்பர் நூலகத்தின் அருகே, அவருக்கு வெண்கலச் சிலையும் வைத்தார்கள்.

அவர் எழுதியதில் முதலில் எதைப் படிக்கலாம்?

1894-ல் அவர் எழுதிய 'வெள்ளையர் பிரச்சினை' என்ற கட்டுரையை. நாடெங்கும் 'கறுப்பர் பிரச்சினை' என்று பேசிக்கொண்டிருந்தபோது, பிரச்சினை எங்கள் பக்கம் இல்லை, நாங்கள் முன்னேறும்போதெல்லாம் பதறும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார். நீளமான கட்டுரை இல்லை, ஒரே மூச்சில் படித்துவிடலாம். அப்புறம் 1879-ன் கான்சஸ் குடியேற்றக் கட்டுரை. அதை டக்ளஸின் கட்டுரையோடு சேர்த்துப் படியுங்கள், எந்தப் பக்கம் நிற்பது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.